புல்லுக்கும் நிலம் வேண்டும்



மலையகத்தில் மாடு கொடுக்கும் விழாக்களுக்குக் குறைவே இல்லை. மேடை போடுகிறார்கள், பந்தல் கட்டுகிறார்கள், மாட்டின் கழுத்தில் மாலை போடுகிறார்கள். பிரமுகர் கயிற்றைப் பிடித்துக் கொடுக்கும் படம் மறுநாள் பத்திரிகையில் வருகிறது. "சுயதொழில்", "வாழ்வாதாரம்", "பால் உற்பத்தியில் தன்னிறைவு" என்று பேச்சு நீள்கிறது. மறுநாள் விடிந்ததும் அந்த மாடு புல் கேட்கிறது. மேடையில் இருந்தவர் எவரும் அப்போது பட்டியடியில் நிற்பதில்லை.

மாட்டைக் கொடுத்தவர்கள் புல்லுக்கு நிலம் கொடுத்தார்களா? இந்தக் கேள்வியைத் தோட்டத்துக்குத் தோட்டம், டிவிசனுக்கு டிவிசன் எழுப்ப வேண்டிய காலம் வந்துவிட்டது. இது சின்னக் கோரிக்கை என்று சிலர் நினைக்கலாம். சம்பளம், வீடு, காணி என்று பெரிய போராட்டங்கள் இருக்கும்போது புல்லைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்கலாம். புல்லைப் பற்றிப் பேசினால் காணியைப் பற்றிப் பேசித்தான் ஆக வேண்டும் என்பதே எங்கள் பதில். எம் தோழியரின் கூலியில்லா உழைப்பைப் பற்றியும், குழந்தைகளின் கோப்பையில் விழும் பாலைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது.

தராசில் ஏறாத 40 கிலோ

முதலில் கணக்கைப் பார்ப்போம். 400 கிலோ எடையுள்ள ஒரு கலப்பினப் பசுவுக்கு அதன் எடையில் பத்தில் ஒரு பங்கு பச்சைப் புல் தினமும் வேண்டும். அதாவது 40 கிலோ. எல்லாத் தீவனத்தையும் உலர் எடையில் சேர்த்துப் பார்த்தால் நாளுக்கு 12 கிலோ வேண்டும். இது கால்நடை உத்தியோகத்தர்கள் எல்லோரும் சொல்லும் பொதுக் கணக்குத்தான்.

காலையில் பெரட்டுக்கு நின்று, மலைக்குப் போய், 18 கிலோ, 20 கிலோ என்று கொழுந்து பறித்து நிறுத்துக் கொடுக்கிறோம். ஒரு கிலோ குறைந்தால் அரைப் பேர் என்கிறார்கள். தண்ணீருக்கு, சாக்குக்கு என்று கழிக்கிறார்கள். அந்த வேலை முடிந்த பிறகு, எம் தோழியர் அதே கால்களுடன் ஓடைக் கரைக்கும் காட்டு ஓரத்துக்கும் போய் 40 கிலோ புல் அறுத்துத் தலையில் சுமந்து வருகிறார்கள். கொழுந்தின் எடையைப் போல இரண்டு மடங்கு! அந்த எடை எந்தத் தராசிலும் ஏறுவதில்லை. எந்தச் செக்ரோலிலும் பதிவதில்லை. வீட்டிலுள்ள ஆண்களும் இதைக் கணக்கில் எடுப்பதில்லை என்பதையும் ஒளிவு மறைவில்லாமல் சொல்லிவிடுகிறோம். பால் காசு வரும்போது கை நீட்டுகிறவர்கள், புல்லுக்கட்டு வரும்போது எங்கே இருக்கிறார்கள்?

அந்தப் புல்லும் சும்மா கிடைப்பதில்லை. செங்குத்துச் சரிவில் கால் வழுக்குகிறது. அட்டை கடிக்கிறது. குளவிக்கூடு கலைகிறது. மாலை மங்கினால் சிறுத்தைப் பயம். கானோரத்திலும் ரோட்டோரத்திலும் அறுக்கலாம் என்றால் அங்கே களைநாசினி அடித்திருக்கிறார்கள். கிளைபோசேட்டை அரசாங்கம் 2015இல் தடை செய்தது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் அந்தத் தடையைத் தளர்த்தியது. எந்த மலைக்கு எப்போது மருந்து அடித்தார்கள் என்று மாடு வைத்திருப்பவர்களுக்கு யாராவது அறிவிக்கிறார்களா? மருந்து அடித்த இடத்தில் அறுத்த புல்லை மாடு தின்கிறது, அந்த மாட்டின் பாலை எங்கள் பிள்ளைகள் குடிக்கிறார்கள்.

இவ்வளவையும் தாண்டிப் புல் அறுத்து வந்தால், "கம்பனிக் காணியில் யாரைக் கேட்டுப் புல் அறுத்தாய்?" என்ற கேள்வி வருகிறது. மாட்டுப்பட்டியைப் பிரிக்கச் சொல்லிக் கடிதம் வருகிறது.

யாருடைய காணி?

தோழர்களே, சரித்திரத்தைக் கொஞ்சம் ஞாபகப்படுத்துவோம். 1972, 1975ஆம் ஆண்டுக் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் கம்பனிகளிடம் போனது. நிர்வாகம் போனதே தவிர மண் போகவில்லை. மண் இன்றும் அரசுடையது. கம்பனிகள் வைத்திருப்பது குத்தகை. குத்தகைக்காரர் பயிரிடாமல் போட்டிருக்கும் காணியில், பரம்பரை பரம்பரையாக அந்த மண்ணைக் கொத்தியவர்கள் புல் வளர்க்கக் கூடாது என்றால் அது என்ன நியாயம்?

காடாகிப் போன மலைகள் இல்லாத தோட்டம் எது? முன்பு நம்பர் போட்டுக் கொழுந்து பறித்த மலைகள் இன்று மானாப்புல்லும் பற்றையுமாகக் கிடப்பதை நாம் எல்லோரும் பார்க்கிறோம். அந்த மலைகளில் தேயிலை இல்லை, வேலை இல்லை. பாம்பும் பன்றியும் குளவியும்தான் இருக்கின்றன. அந்தக் காணியைத்தான் கேட்கிறோம். கொழுந்து பறிக்கும் மலையில் ஒரு செடியைக்கூட நாங்கள் கேட்கவில்லை.

வீட்டுக்கு 7 பேர்ச்சஸ் காணி என்று பேசுகிறார்கள். அந்த 7 பேர்ச்சஸ்சுக்கே இன்னும் எத்தனையோ குடும்பங்கள் காத்திருக்கின்றன. அது கிடைத்தாலும் வீடு கட்டி, கக்கூஸ் கட்டி, கொல்லையில் நாலு பாத்தி கீரை போட்டால் முடிந்துவிடும். ஒரு பசுவுக்கு ஆண்டு முழுவதும் தேவையான உலர் தீவனம் 4,400 கிலோ அளவில் வரும். நன்றாகப் பராமரித்த குளிர்நாட்டுப் புல் ஓர் ஹெக்டேயரில் ஆண்டுக்கு 10,000 கிலோ உலர் தீவனம் கொடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு பசுவுக்கு ஓர் ஏக்கருக்குச் சற்று மேல் வேண்டும். பாதித் தீவனத்தைக் காய்கறிக் கழிவு, தவிடு, புண்ணாக்கு, ஓரத்துப் புல் ஆகியவற்றால் சமாளித்தாலும் அரை ஏக்கர் வேண்டும். அரை ஏக்கர் என்றால் 80 பேர்ச்சஸ்.

7 பேர்ச்சஸ் எங்கே, 80 பேர்ச்சஸ் எங்கே! மாட்டை மட்டும் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்கிறார்களா? ஒரு டிவிசனில் 20 குடும்பம் ஆளுக்கொரு பசு வைத்தால் 10 ஏக்கர் போதும். தரிசாகக் கிடக்கும் 10 ஏக்கர் பல தோட்டங்களில் இருக்கிறது. மனம்தான் இல்லை.

குளிர் எமக்குப் பகையல்ல

"நுவரெலியாப் பக்கம் குளிர் அதிகம், புல் வளராது, பனி கருக்கிவிடும்" என்று ஒரு பேச்சு இருக்கிறது. இது அரை உண்மை. தாழ்நிலத்துப் புற்கள்தான் குளிரில் சோர்கின்றன. சீ.ஓ.3 புல் ஹற்றன், பொகவந்தலாவை, மஸ்கெலியா, புசல்லாவை போன்ற இடங்களில் நன்றாக வரும். அதையே கந்தப்பளை உச்சியில் நட்டுவிட்டுத் தை, மாசியில் போய்ப் பார்த்தால் மஞ்சளாகி நிற்கும். அதற்காகக் குளிரைக் குற்றம் சொல்வதில் பயனில்லை. குளிருக்கு ஏற்ற புல் வேறு.

ரைகிராஸ் என்ற புல்லைப் பற்றிச் சொல்கிறோம். நியூசிலாந்திலும் இங்கிலாந்திலும் பால் மாடுகளை வளர்ப்பது இந்தப் புல்தான். நாம் வரிசையில் நின்று வாங்கிய வெளிநாட்டுப் பால்மா அந்தப் புல்லிலிருந்து வந்ததுதான். 15 முதல் 20 பாகை வெப்பத்தில் அது செழித்து வளரும். வெயில் ஏறிச் சூடு கூடினால்தான் அதற்குத் தொல்லை. நுவரெலியாவின் சராசரி வெப்பம் 16 பாகை அளவில்தான் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து 1,500 மீற்றருக்கு மேற்பட்ட தோட்டங்கள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். அம்பேவெல, பட்டிப்பொல பக்கத்துப் பெரிய பண்ணைகளில் குளிர்நாட்டு மாடுகள் மேய்வதை பஸ்ஸில் போகும்போது நாமே பார்க்கிறோம். அந்த மலையில் பெரிய பண்ணைக்கு வளரும் புல், அடுத்த மலையில் தொழிலாளியின் பட்டிக்கு வளராதா?

ரைகிராஸுடன் வெள்ளைக் குளோவர் என்ற கொடியையும் கலந்து விதைக்க வேண்டும். அது அவரைக் குடும்பத்துப் பயிர். காற்றிலுள்ள நைதரசனை வேரில் பிடித்து மண்ணுக்குக் கொடுக்கும், மாட்டுக்குப் புரதமும் கொடுக்கும். யூரியாவுக்குக் கொடுக்கும் காசு மிச்சம்.

எப்படி வளர்ப்பது?

தேயிலை மண் புளித்த மண். அதன் பீ.எச். அளவு 4.5 முதல் 5.5 வரைதான் இருக்கும். ரைகிராஸ் 5.5க்கு மேல் கேட்கும், 6 இருந்தால் சந்தோசப்படும். ஆகவே முதலில் மண்ணைப் பரிசோதித்து டொலமைற் போட வேண்டும். டொலமைற் நமக்குப் புதிய சரக்கல்ல. கவ்வாத்து மலைக்கு நாமே சுமந்து போட்டிருக்கிறோம். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். தேயிலைக்குப் புளித்த மண்தான் பிடிக்கும். ஆகவே நாளைக்குத் திரும்பத் தேயிலை நடப் போகும் மலையைப் புல்லுக்குக் கேட்கக் கூடாது. நிரந்தரமாகக் கைவிட்ட மலையைத்தான் கேட்க வேண்டும். எமது கோரிக்கை தேயிலைக்கு எதிரானதல்ல என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மண்ணை மென்மையாகக் கொத்தி, கல் பொறுக்கி, மாட்டுச் சாணம் கலந்து, மழை பிடிக்கும் காலத்தில் விதைக்க வேண்டும். அரை ஏக்கருக்கு ரைகிராஸ் 5 கிலோ, வெள்ளைக் குளோவர் முக்கால் கிலோ போதும். விதை மிகச் சிறியது. ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் ஆழமாக மூடினால் முளைக்காது. முள்ளுக் கிளையை இழுத்து லேசாக மூடி, காலால் மிதித்துவிட்டால் போதும். சரிவான இடத்தில் குறுக்கு வரிசையாக விதைக்க வேண்டும். மேலிருந்து கீழாக விதைத்தால் முதல் மழையிலேயே விதை கானுக்குப் போய்விடும்.

8 முதல் 10 வாரத்தில் முதல் அறுவடை. புல் ஒரு சாண் உயரம் வந்ததும் அறுக்கலாம், ஆனால் அடியில் மூன்று விரல் உயரத்துக்கு விட்டுவிட வேண்டும். அந்த அடித்தட்டில்தான் புல் தன் பலத்தைச் சேர்த்து வைக்கிறது. மொட்டையாக வழித்தால் திரும்பத் தளிர்க்காது. கொழுந்து பறிக்கும்போது தாய் இலையை விட்டுப் பறிப்பது போலத்தான் இதுவும். அதன் பிறகு 4, 5 வாரத்துக்கு ஒரு முறை அறுக்கலாம். கடும் குளிரில் இன்னும் ஓரிரு வாரம் கூடும்.

மேய்ச்சலுக்கு விடுவதென்றால் துண்டு துண்டாகப் பிரித்து, ஒரு துண்டு தீர்ந்ததும் அடுத்ததுக்கு மாற்ற வேண்டும். பனி விழுந்த காலையில் மாட்டை இறக்கக் கூடாது. உறைந்த புல் மிதிபட்டால் கருகிவிடும். வெயில் ஏறட்டும். குளோவர் அதிகமுள்ள ஈரப் புல்லில் பட்டினி மாட்டை விட்டால் வயிறு ஊதும், கவனிக்காவிட்டால் செத்தும் போகும். முதலில் கொஞ்சம் காய்ந்த புல்லோ வைக்கோலோ போட்டு வயிற்றை நிரப்பிய பிறகே விட வேண்டும்.

ஒரு குறையையும் மறைக்காமல் சொல்கிறோம். ரைகிராஸ் பூத்து விதை கட்டுவதற்கு நீண்ட பகல் வேண்டும். எங்கள் நாட்டில் ஆண்டு முழுவதும் பகல் ஏறக்குறைய 12 மணித்தியாலம்தான். ஆகவே இங்கே அது ஒழுங்காக விதை தராது. விதையை வெளியிலிருந்துதான் எடுக்க வேண்டும். அதனால்தான் இது தனி ஆள் காரியமல்ல என்கிறோம். ஒரு குடும்பம் 5 கிலோ விதைக்கு எங்கே போகும்? திணைக்களம் எடுத்துத் தரட்டும். பால்மாவுக்கு ஆண்டுதோறும் கோடிக்கணக்கான டொலரை அனுப்பும் நாட்டுக்குச் சில மூட்டைப் புல் விதை பெரிய பாரமல்ல.

உலர்புல்லும் லயத்துத் தீயும்

தை முதல் பங்குனி வரை நுவரெலியாப் பக்கம் மழையும் இல்லை, புல்லும் இல்லை. பதுளை, பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கம் ஆனி, ஆடி, ஆவணியில் காற்றடித்துக் காய்கிறது. அந்த மாதங்களில்தான் பால் இறங்குகிறது, மாடு எலும்பாகிறது, தரகர் வந்து அடிமாட்டு விலை பேசுகிறார். செழிப்பான மாதத்துப் புல்லைக் காயவைத்துச் சேர்த்து வைத்தவருக்கு இந்த அவலம் இல்லை.

வரட்சி தொடங்கும் முதல் வாரங்களில், நாலு நாள் தொடர்ந்து வெயில் கிடைக்கும் என்று தெரிந்தால், பனி உலர்ந்த பின் புல்லை அறுத்து மெல்லியதாகப் பரப்ப வேண்டும். நாளுக்கு இரண்டு மூன்று தடவை புரட்ட வேண்டும். மாலையில் குவித்துப் படங்கால் மூடி, காலையில் திரும்பப் பரப்ப வேண்டும். தண்டை முறுக்கினால் நொறுங்க வேண்டும். சந்தேகம் இருந்தால் ஒரு போத்தலில் கைப்பிடி காய்ந்த புல்லும் கொஞ்சம் உலர்ந்த உப்பும் போட்டுக் குலுக்குங்கள். உப்பு கட்டிபட்டால் ஈரம் இருக்கிறது, உதிரியாக இருந்தால் சேமிக்கலாம். 100 கிலோ பச்சைப் புல் காய்ந்தால் 23, 24 கிலோ வரும். ஒரு பசுவுக்கு நாளைக்கு 5 கிலோ வீதம் 60 நாளுக்கு 300 கிலோ உலர்புல் வேண்டும். அதற்கு 1,300 கிலோ பச்சைப் புல் அறுக்க வேண்டும்.

வெயில் கிடைக்காத மாதங்களில் சைலேஜ் போடலாம். புல்லை அரை நாள் வாடவிட்டு, ஓர் அங்குலத் துண்டாக வெட்டி, பிளாஸ்ரிக் பீப்பாவில் காற்றில்லாமல் மிதித்து அடைத்து மூடினால் ஆறு வாரத்தில் தயாராகும். இனிப்பும் புளிப்புமான வாசம் வந்தால் நல்லது. அழுகல் வாடை வந்தால் மாட்டுக்குப் போடக் கூடாது.

இங்கே ஓர் எச்சரிக்கையைத் தடித்த எழுத்தில் சொல்ல வேண்டும். ஈரம் போகாத உலர்புல்லை அடுக்கி வைத்தால் அது உள்ளுக்குள்ளேயே சூடேறித் தானாகத் தீப்பிடிக்கும். லயத்தில் ஒரு காம்பிராவில் பற்றிய தீ அடுத்த காம்பிராவுக்குப் போக எவ்வளவு நேரம் எடுக்கும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கட்டிய துணியுடன் ரோட்டில் நின்ற குடும்பங்களை எத்தனை தடவை பார்த்துவிட்டோம்! ஆகவே எந்தக் காரணம் கொண்டும் உலர்புல்லை லயத்துக் கூரைக்குக் கீழோ, குசினிப் பக்கமோ வைக்காதீர்கள். அப்படியானால் எங்கே வைப்பது? அதைத்தான் நிர்வாகத்திடம் கேட்க வேண்டும். தரையிலிருந்து உயர்த்திக் கட்டிய ஒரு தகரக் கொட்டகை, லயத்திலிருந்து தள்ளி, டிவிசனுக்கு ஒன்று. பூட்டிக் கிடக்கும் பழைய ஸ்டோர்கள் இல்லாத தோட்டங்களா?

நிர்வாகம் சொல்லும் காரணங்கள்

"மாடு தேயிலையை மிதிக்கும்" என்கிறார்கள். அறுத்து வந்து பட்டியில் போடும் மாடு எப்படித் தேயிலையை மிதிக்கும்? மேய இடமில்லாத மாடுதான் கயிற்றை அறுத்துக்கொண்டு மலைக்குப் போகிறது. புல் காணி கொடுத்தால் அந்தத் தொல்லை குறையும்.

"மாடு வளர்த்தால் ஆட்கள் வேலைக்கு வரமாட்டார்கள்" என்கிறார்கள். ஆட்கள் வேலைக்கு வராதது மாட்டினாலா? கொழும்புக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் மத்திய கிழக்குக்கும் எங்கள் பிள்ளைகள் போனது மாட்டுக்குப் புல் அறுக்கவா? தோட்டத்துச் சம்பளத்தில் வாழ முடியாததால் போனார்கள். தோட்டத்திலேயே இன்னொரு வருமானம் இருந்தால் சிலராவது இருப்பார்கள்.

"சரிவு நிலம், மண் கழுவிப் போகும்" என்கிறார்கள். மண்ணைப் பற்றி இப்போது கவலைப்படுவது நல்லதுதான். 2014 ஒக்ரோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது மண்ணின் கனம் என்னவென்று எங்கள் மக்கள் உயிரைக் கொடுத்து அறிந்தார்கள். மண்சரிவு அபாயம் என்று அடையாளமிட்ட இடத்தில் பட்டியும் வேண்டாம், கொட்டகையும் வேண்டாம், குடியிருப்பும் வேண்டாம். மற்ற இடங்களில், களைநாசினி அடித்து வெறுமையாகக் கிடக்கும் மண்ணைவிட, அடர்ந்த புல் மூடிய மண்தான் மழையைத் தாங்கும். தேயிலையைப் பிடுங்கிய மலையில் மண்ணைத் தேற்றுவதற்கு இரண்டு வருடம் வரை குவாத்தமாலாப் புல்லும் மானாப்புல்லும் நடச் சொல்கிறவர்கள் யார்? தேயிலை விஞ்ஞானிகள்தானே! அந்தப் புல் வெட்டி அதே மண்ணுக்கே போட வேண்டியது. அதை நாங்கள் கேட்கவில்லை. புல் மண்ணைக் காக்கும் என்பது நிர்வாகத்துக்கே தெரியும் என்றுதான் சொல்கிறோம்.

இன்னொன்றும் இருக்கிறது. ஒரு பசு நாளொன்றுக்கு 15 கிலோவுக்குக் குறையாமல் சாணம் போடும். 20 பசு என்றால் 300 கிலோ. 2021இல் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தியபோது தேயிலை என்ன பாடுபட்டது, கொழுந்து எவ்வளவு விழுந்தது, எங்கள் பேர் எத்தனை குறைந்தது என்று மறக்கவில்லை. அன்று ஒவ்வொரு டிவிசனிலும் சாணம் மலையாகக் குவிந்திருந்தால் தோட்டத்துக்கே உதவியிருக்கும்.

புல்லில்லாமல் வந்த மாடுகள்

இந்த நாட்டில் மாட்டை முன்னே விட்டுப் புல்லைப் பின்னே தேடும் பழக்கம் தோட்டத்தில் மட்டும் இல்லை. அவுஸ்திரேலியாவிலிருந்து 20,000 பசுக்களை இறக்கும் திட்டம் ஒன்று போட்டார்கள். 2017இல் முதல் தொகுதியாக 5,000 வந்தன. கடன் வாங்கி அவற்றை எடுத்த பண்ணையாளர்கள் மாடுகள் நோயுற்றன, இறந்தன, சொன்ன அளவு பால் கிடைக்கவில்லை என்று முறையிட்டார்கள். மேலை நாட்டில் நிறைந்த புல்லில் வளர்ந்த மாடு, இங்கே வந்து புண்ணாக்கையும் காற்றையும் தின்று 20 லீற்றர் கறக்குமா? முதலில் புல், பிறகு பட்டி, அதன் பிறகு மாடு. எங்கள் பாட்டிமாருக்குத் தெரிந்த இந்த ஒழுங்கு பெரிய மேசைகளில் இருந்தவர்களுக்குத் தெரியாமல் போனது.

2021இலும் 2022இலும் பால்மாவுக்கு விடியுமுன் வரிசையில் நின்றோம். பக்கத்து மலையில் மழையும் குளிரும் தரிசும் இருக்க, கடல் கடந்து வரும் தூளுக்குக் காத்து நின்றோம். கொழுந்து பறிக்கும் தாயின் பிள்ளை வெறுந்தேநீர் குடித்துப் பள்ளிக்கூடம் போகிறது. அவள் பட்டியில் பால் கறந்தாலும், கடனைக் கட்டுவதற்காக அது முழுவதும் பால் சேகரிக்கும் லொறிக்குப் போகிறது. புல்லுக்குச் செலவு குறைந்தால்தான் ஒரு போத்தல் பால் வீட்டில் தங்கும்.

சம்பளத்துக்கு இது பதிலல்ல

ஒரு விசயத்தில் நாம் மிகக் கவனமாக இருக்க வேண்டும். "உங்களுக்கு மாடு இருக்கிறது, புல் காணி இருக்கிறது, பிறகு ஏன் சம்பள உயர்வு?" என்று நாளைக்கு மேசையில் கேட்பார்கள். இந்தப் பொறி எங்களுக்குத் தெரியும். 8 மணித்தியால வேலைக்கு வாழக்கூடிய சம்பளம் என்பது எங்கள் உரிமை. அதில் ஒரு சதத்தையும் மாட்டின் பேரில் விட்டுக்கொடுக்க மாட்டோம். துரைமாருக்குச் சொந்தக் காணி இருக்கிறது என்பதற்காக அவர்கள் சம்பளத்தை யாராவது குறைத்தார்களா? புல் காணி என்பது சலுகையும் அல்ல, இனாமும் அல்ல. 200 ஆண்டுகளாக இந்த மலைகளைத் தோட்டமாக்கிய மக்களுக்கு அந்த மலையில் உள்ள உரிமையின் ஒரு சிறு துண்டு.

அதேபோல, காணி கிடைத்தால் அதைத் தலைவர்மாரும் செல்வாக்குள்ள நாலு குடும்பமும் பங்கு போட்டுக்கொள்ளவும் விடக் கூடாது. எங்கள் சங்கத்துத் தலைவராக இருந்தாலும் சரி. மாடு வைத்திருக்கும் குடும்பங்களின் சங்கம் ஒன்று அமைய வேண்டும். அதன் பொறுப்பில் பாதிக்குக் குறையாமல் பெண்கள் இருக்க வேண்டும். அரிவாளைப் பிடிக்கும் கைதான் கையெழுத்தும் போட வேண்டும்.

எமது கோரிக்கைகள்

1. ஒவ்வொரு டிவிசனிலும் நிரந்தரமாகக் கைவிடப்பட்ட காணியில் 10 ஏக்கரையாவது புல் காணியாக ஒதுக்கி, மாடு வளர்க்கும் குடும்பங்களின் சங்கத்தின் பெயரில் எழுத்து மூலம் தர வேண்டும். வாய்ச்சொல் வேண்டாம். துரை மாறினால் வாய்ச்சொல்லும் மாறிவிடும்.

2. களைநாசினி அடிக்கும் மலை எது, நாள் எது என்று பெரட்டில் முன்கூட்டியே அறிவித்து, அந்த இடத்தில் பலகை வைக்க வேண்டும்.

3. உயர் மலைத் தோட்டங்களுக்கு ரைகிராஸ், வெள்ளைக் குளோவர் விதையும், மற்றத் தோட்டங்களுக்கு சீ.ஓ.3 தண்டும், மண் பரிசோதனையும் டொலமைற்றும் கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களம் மூலம் கிடைக்க வேண்டும். ஆலோசனை தமிழில் வேண்டும்.

4. லயத்திலிருந்து தள்ளி, டிவிசனுக்கு ஓர் உலர்புல் கொட்டகை.

5. மலையகப் புதிய கிராமங்களுக்கென 2018இல் சட்டம் போட்டு அமைத்த அதிகார சபை, வீட்டுக் காணியுடன் பொது மேய்ச்சல் காணியையும் தன் திட்டத்தில் சேர்க்க வேண்டும்.

6. புல் காணியைக் காரணம் காட்டி எவருடைய வேலை நாளையும் சம்பளத்தையும் குறைக்கக் கூடாது.

தோழர்களே, தோழியரே! அடுத்த மாதக் கமிட்டிக் கூட்டத்துக்கு வெறுங்கையுடன் வராதீர்கள். உங்கள் டிவிசனில் எத்தனை குடும்பத்திடம் எத்தனை மாடு, எந்த நம்பர் மலை எத்தனை வருடமாகத் தரிசு, புல் அறுக்க எவ்வளவு தூரம் நடக்கிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதி வாருங்கள். எழுதத் தெரிந்த பிள்ளைகளை உதவிக்கு எடுங்கள். அந்தத் தாள்களை ஒன்றாகக் கட்டி நிர்வாகத்திடமும் பிரதேச செயலாளரிடமும் வைப்போம். கணக்கோடு போகும் கோரிக்கையை "பார்ப்போம்" என்று சொல்லித் திருப்பி அனுப்புவது அவ்வளவு எளிதல்ல.

மாடு கொடுக்கும் அடுத்த விழாவுக்கும் போவோம். மாலை போடட்டும், படம் எடுக்கட்டும். பேச்சு முடிந்ததும் எழுந்து நின்று கேட்போம்: "ஐயா, புல் காணி எங்கே?"